தென்னை மகரந்தத்தைச் சேமித்து வைப்பது ஏன்? எப்படி?

(இராமநாதபுரம் கடலோரத் தென்னை விவசாயிகளுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டம் தொடங்கும் முன்பு உச்சிப்புளிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "வீரிய ஒட்டுத் தென்னம்பிள்ளைன்னு சொல்லித்தான் வாங்கி வச்சேன், ஐயா. ஏழு வருஷமாத் தண்ணி சுமந்து ஊத்தினேன். எங்க அப்பா வச்ச நாட்டு மரம் காய்க்கிற அளவுக்குக் கூட அது காய்க்கலை. இதுக்கு நான் யாரைக் கேக்குறது?"

நெல் விதை தவறினால் நான்கு மாதத்தில் தெரிந்துவிடும். அடுத்த பட்டத்தில் திருத்திக் கொள்ளலாம். தென்னையில் செய்த தவறு தெரியவே ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். தெரிந்த பிறகு மரத்தை வெட்டவும் மனம் வராது, வைத்துக் கொள்ளவும் மனம் வராது. பெரியவரின் கேள்விக்கு விடை உரத்திலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. அந்தப் பிள்ளை முளைத்த நெற்று, மரத்தில் குரும்பையாக இருந்தபோது அதன்மேல் விழுந்த தூளில் இருக்கிறது. அந்தத் தூள்தான் மகரந்தம். அதை எப்படி எடுப்பது, எப்படிச் சேமிப்பது, நமக்கு அதனால் என்ன பயன் என்பதையே இன்று சொல்லப் போகிறேன்.

பாளைக்குள் நடப்பது

தென்னம் பாளையில் ஆண் பூக்கள் பல ஆயிரம் இருக்கும். பெண் பூக்கள், அதாவது குரும்பைகள், அடிப்பக்கத்தில் கொஞ்சமே இருக்கும். நெட்டை மரத்தில் பாளை வெடித்ததும் ஆண் பூக்கள் நுனியிலிருந்து கீழ்நோக்கி நாள்தோறும் மலர்ந்து உதிரும். இது ஏறத்தாழ மூன்று வாரம் நடக்கும். அது முடிந்த பிறகே குரும்பைகள் மகரந்தம் ஏற்கும் பக்குவம் அடைகின்றன. ஒவ்வொரு குரும்பையும் ஒன்று முதல் மூன்று நாள் வரைதான் அந்தப் பக்குவத்தில் இருக்கும். ஒரு பாளையில் உள்ள எல்லாக் குரும்பைகளுக்கும் சேர்த்து ஒரு வாரம் என்று வைத்துக் கொள்ளலாம்.

ஆகவே நெட்டை மரத்தின் குரும்பைக்கு அதே பாளையின் மகரந்தம் பெரும்பாலும் கிடைக்காது. காற்றும் தேனீயும் வேறு மரங்களிலிருந்து கொண்டு வருவதுதான் கிடைக்கும். உங்கள் தோட்டத்தில் 150 காய் காய்க்கும் நல்ல மரத்திலிருந்து நெற்று எடுத்து நாற்று விடுகிறீர்கள். தாய் யார் என்று தெரியும். தகப்பன் யார்? வேலிக்கு அப்பால் நிற்கும் ஒல்லிக்காய் மரமாகவும் இருக்கலாம்.

குட்டை மரத்தில் நிலைமை வேறு. அங்கே ஆண் பூக்கள் முடிவதற்குள் குரும்பைகள் பக்குவமாகி விடுகின்றன. தன் மகரந்தமே தன் குரும்பையில் விழுகிறது. அதனால்தான் குட்டை மரத்தின் பிள்ளைகள் பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கின்றன.

ஒட்டுத் தென்னை பிறந்த கதை

நெட்டை மரம் நீண்ட நாள் வாழும், கொப்பரை கனமாக இருக்கும், வறட்சியைத் தாங்கும். ஆனால் காய்ப்புக்கு வர நாளாகும். குட்டை சீக்கிரம் காய்க்கும், குலைக்குக் காயும் அதிகம். ஆனால் காய் சிறுத்தும் கொப்பரை மெலிந்தும் இருக்கும், வறட்சி தாங்காது. இந்த இரண்டின் நல்ல குணங்களையும் ஒரே மரத்தில் சேர்க்க முடியுமா என்று, பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நீலேஸ்வரம் ஆராய்ச்சி நிலையத்தில் 1930களில் ஜே. எஸ். பட்டேல் முயன்றார். மேற்குக் கடற்கரை நெட்டையைத் தாயாகவும் சாவக்காட்டுப் பச்சைக் குட்டையைத் தகப்பனாகவும் வைத்துச் செய்த அந்தக் கலப்பில்தான் தென்னையின் கலப்பு வீரியம் நம் நாட்டில் முதன்முதலாகத் தெரிய வந்தது.

அதே வழியில் நமது வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிழக்குக் கடற்கரை நெட்டையைத் தாயாகக் கொண்ட ஒட்டுகள் வெளிவந்தன. 1982இல் வி.எச்.சி. 1, 1988இல் வி.எச்.சி. 2, 2000இல் வி.எச்.சி. 3 என்பவை அவை. கிழக்குக் கடற்கரை நெட்டை என்பது வேறொன்றுமில்லை. இராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், தொண்டி மணலில் நிற்கும் நமது நாட்டு மரத்தின் இனமே அது.

ஏன் சேமிக்க வேண்டும்?

குரும்பை பக்குவமாகும் நாளில் மகரந்தம் கையில் இருக்க வேண்டும். நெட்டைத் தாய் இன்று தயார் என்றால், நாம் விரும்பும் குட்டையில் இன்று ஆண் பூ இருக்குமா? இருக்கும் என்று சொல்ல முடியாது. குட்டை மரம் நிற்பது வேப்பங்குளத்தில், தாய் மரம் நிற்பது தங்கச்சிமடத்தில் என்றால் இன்னும் சிக்கல். "காற்றுள்ளபோதே தூற்றிக் கொள்" என்பது பழமொழி. மகரந்தச் சேமிப்பு என்பது, காற்று வீசும்போது கிடைத்ததைக் காற்று இல்லாத நாளுக்கும் கட்டி வைப்பது.

இன்னொரு காரணமும் உண்டு. அயல் நாட்டிலிருந்தோ அயல் மாநிலத்திலிருந்தோ ஒரு நல்ல இனத்தின் குணம் வேண்டுமென்றால், நெற்றுகளை மூட்டை கட்டிக் கொண்டு வந்தால் அதனுடன் பூச்சியும் நோயும் சேர்ந்து வரும். மகரந்தம் ஒரு சிறு குப்பியில் வந்துவிடும். ஆனால் அதற்காக எந்த மரத்தின் மகரந்தத்தையும் எடுத்துவிடக் கூடாது. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தென்னைகளை அழித்த காடாங்-காடாங் நோயின் கிருமி மகரந்தத்திலும் காணப்பட்டிருக்கிறது. எனவே நோயற்ற மரமா என்று பார்த்துத்தான் பாளையில் கை வைக்க வேண்டும்.

ஜமைக்கா தீவில் மஞ்சளாகி மடியும் ஒரு கொடிய நோய் நெட்டைத் தென்னைகளை வாரிக்கொண்டு போனது. 1960களில் வைட்ஹெட் என்பவர் அங்கே தென்னை மகரந்தத்தை உறைய வைத்து உலர்த்திச் சேமிக்கும் முறைகளை ஆராய்ந்தார். மலேயக் குட்டையும் பனாமா நெட்டையும் சேர்ந்த 'மேபான்' என்ற ஒட்டு 1970களில் அந்தத் தீவெங்கும் நடப்பட்டது. பிற்காலத்தில் அந்த ஒட்டையும் நோய் விட்டுவைக்கவில்லை. ஒரே இனத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது, பல இனங்களின் மகரந்தமும் கையிருப்பில் வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

எல்லாப் பயிரின் மகரந்தமும் ஒன்றல்ல

பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் நெல் ரகங்கள் உருவாக்கப்படுவது உங்களுக்குத் தெரியும். நெல்லின் மகரந்தம் பூவை விட்டு வெளியே வந்தால் சில நிமிடங்களே உயிரோடிருக்கும். அதனால் நெல்லில் கலப்புச் செய்பவர்கள் மகரந்தத்தைச் சேமிப்பதைப் பற்றி எண்ணுவதில்லை. தாயையும் தகப்பனையும் இடைவெளி விட்டுப் பல தடவையாக விதைத்து, இரண்டும் ஒரே நாளில் பூக்கும்படி பார்த்துக் கொள்கிறார்கள். நெல், கோதுமை, மக்காச்சோளம் போன்ற புல்லினங்களின் மகரந்தம் பொதுவாகக் குறைந்த ஆயுள் கொண்டது. தென்னை, பேரீச்சை போன்றவற்றின் மகரந்தம் உலரவும் குளிரவும் தாங்கும். அரபு நாடுகளில் பேரீச்சை விவசாயிகள் ஆண் பாளையை உலர்த்தி வைத்து, முன்கூட்டியே பாளை விடும் பெண் மரங்களுக்கு அடுத்த ஆண்டில் அதைப் பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம். நம் பனையும் ஆண் வேறு, பெண் வேறாக நிற்பதுதான். பனையில் நல்ல இனம் காண முயல்வோருக்கும் தேர்ந்தெடுத்த ஆண் பனையின் மகரந்தத்தைச் சேமிக்கும் இந்த வழி உதவும்.

எடுக்கும் முறை

1. நோயில்லாத, நல்ல காய்ப்புள்ள தகப்பன் மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்கம்பக்கத்து மகரந்தம் ஒட்டாமலிருக்கப் பாளைக்குப் பை கட்டுவது நல்லது.

2. பாளை வெடித்து ஏறத்தாழ ஆறாம் நாளிலிருந்து, கிளைக் காம்புகளின் நடுப்பகுதியில் மலரத் தொடங்கிய, முதிர்ந்த ஆண் பூக்களைக் காலையில் பறிக்க வேண்டும். பனி ஈரம் வடிந்த பிறகு பறிப்பது நலம்.

3. பூக்களைத் தாளில் பரப்பி, கண்ணாடிப் புட்டியை மெல்ல உருட்டி இலேசாக நசுக்க வேண்டும். கூழாக்கிவிடக் கூடாது.

4. பிறகு 38 முதல் 40 டிகிரி செண்டிகிரேட் வெப்பத்தில் ஓர் இரவு முழுவதும் உலர்த்த வேண்டும். உலர் அடுப்பு இல்லாத இடத்தில், மூடிய பெட்டிக்குள் மின் விளக்கைத் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துப் பார்த்துக் கொள்ளலாம். நேர் வெயிலில் காய வைக்கக் கூடாது.

5. உலர்ந்ததை மெல்லிய சல்லடையில் சலித்தால் வெளிர் மஞ்சள் நிறத்தில் பொடி கிடைக்கும். ஒரு பாளையிலிருந்து சில கிராம்தான் தேறும். அதுவே பல பாளைகளுக்குப் போதும்.

சேமிக்கும் முறை

மகரந்தத்துக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று ஈரம், மற்றொன்று வெப்பம். நம் கடற்கரையில் இரண்டும் தாராளம். உப்புக் காற்று பட்டால் வீட்டு உப்பே கசிகிறது. மகரந்தம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உலர்த்தாமல் வெளியே வைத்தால் சில நாளில் உயிர் போய்விடும்.

உலர்ந்த பொடியைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் பாதியளவு போட்டு, வாயில் பஞ்சு வைக்க வேண்டும். அந்தக் குப்பிகளை, அடியில் கால்சியம் குளோரைடு அல்லது சிலிக்கா ஜெல் போட்ட பெரிய காற்றுப் புகாத புட்டிக்குள் வைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இப்படி வைத்தால் வாரக் கணக்கிலிருந்து சில மாதம் வரை பயன்படுத்தலாம். உறைநிலைப் பெட்டியில் இன்னும் நாள் தாங்கும். காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனில் தென்னை மகரந்தத்தை ஆண்டுக் கணக்கில் வைத்து, பின்பு அதைக் கொண்டே காய் பிடிக்க வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே குப்பியில் அடைக்க வேண்டாம். ஒரு நாள் வேலைக்கு ஒரு குப்பி என்று பிரித்து வையுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் மரத்தின் எண், இனம், எடுத்த தேதி மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத குப்பி வெறும் தூசிக்குச் சமம்.

நான் செய்த தவறு

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், கடலோரத் தோட்டம் ஒன்றில் கலப்புப் பணி எனக்குக் கிடைத்தது. குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்ததும், அவசரத்தில், சில்லென்று இருக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டேன். குளிர்ந்த சொம்பின்மேல் வியர்ப்பது போல மகரந்தத்தின்மேல் ஈரம் படிந்தது. அன்று மாலை அதே குப்பியை மறுபடியும் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த நாளும் எடுத்தேன். ஒரு வாரம் தொழிலாளி மரம் ஏறினார். கூலியும் கொடுத்தாயிற்று. மகரந்தத்துக்கு உயிர் இருக்கிறதா என்று நான் ஒரு நாள்கூடச் சோதிக்கவில்லை. அடுத்த மாதம் பார்த்தால், பை கட்டிய பாளைகளில் குரும்பை ஒன்றுகூட நிற்கவில்லை. மரம் ஏறியவர் என்னைக் குறை சொல்லவில்லை. "தெக்கத்திக் காத்து அப்படித்தான்" என்றார். தவறு காற்றினுடையது அல்ல, என்னுடையது.

அன்றிலிருந்து இரண்டு விதிகளை நான் மீறுவதில்லை. குப்பியை வெளியே எடுத்தால், அது அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியைத் திறப்பதில்லை. ஒரு முறை திறந்த குப்பியை மீண்டும் சேமிப்பில் வைப்பதில்லை.

உயிர் சோதனை

100 மில்லி நீரில் 8 கிராம் சர்க்கரை, 1 கிராம் அகார், அரை கிராம் ஜெலாட்டின், 10 மில்லிகிராம் போரிக் அமிலம் கலந்து கொதிக்க வைத்து ஆற்றினால் கூழ் போலாகும். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மகரந்தத்தைத் தூவி, ஈரமான மூடிய தட்டில் சில மணி நேரம் வைத்து, நுண்பெருக்கியில் பார்க்க வேண்டும். உயிருள்ள மகரந்தத்திலிருந்து விதை முளைப்பது போலச் சிறு குழல் நீளும். நூற்றுக்கு 30க்கும் கீழே முளைத்தால் அந்தக் குப்பியை நம்பி ஆளை மரத்தில் ஏற்றக் கூடாது. உங்களிடம் நுண்பெருக்கி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஆராய்ச்சி நிலையத்திலோ, வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கேட்டுச் செய்து கொள்ளலாம்.

தூவும் முறை

தாய் மரத்தில் பாளை வெடித்ததும் ஆண் பூக்கள் அனைத்தையும் நீக்க வேண்டும். ஒன்று விட்டாலும் வேலை கெடும். குரும்பைகள் பக்குவமாகும் முன்பே பை கட்டிவிட வேண்டும். குரும்பையின் முனை மூன்றாகப் பிளந்து, தேன் போன்ற நீர் கசிவதே பக்குவத்தின் அடையாளம். ஒரு பங்கு மகரந்தத்துடன் சுமார் ஒன்பது பங்கு முகப்பவுடர் மாவு கலந்து, ஊது குப்பியால் பையின் துவாரம் வழியாகக் காலையில் தூவ வேண்டும். எல்லாக் குரும்பைகளும் முடியும் வரை நாள்தோறும் தூவ வேண்டும். கடைசித் தூவலுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு பையை எடுத்துவிட்டுக் குலையில் அடையாளச் சீட்டுக் கட்ட வேண்டும். நெற்று முதிர 11 முதல் 12 மாதம் ஆகும்.

இவ்வளவும் செய்து ஒரு பாளையில் சில காய்களே கிடைக்கும். நெட்டை மரம் ஏற ஆள் கிடைப்பதும் அரிதாகி வருகிறது. உண்மையான ஒட்டுப் பிள்ளை ஏன் விலை அதிகம், ஏன் கேட்டவுடன் கிடைப்பதில்லை என்பது இப்போது விளங்கும்.

பெரியவரின் கேள்விக்கு வருவோம்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் தென்னைகளைச் சாய்த்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி நம் தீவில் சொல்லாத வீடில்லை. புயலுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தென்னம்பிள்ளை வேண்டும். ஆனால் ஒட்டு நெற்று மரத்தில் முதிர ஓராண்டு, நாற்றாக இன்னும் ஓராண்டு. கேட்பு பெருகி, சரக்கு இல்லாதபோது கண்டதெல்லாம் 'ஒட்டு' என்று விலை போகும். சுரை விதைத்தால் அவரை முளைக்காது. பெயர் எழுதிய அட்டை மரமாகாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆரஞ்சுக் குட்டையைத் தாயாகக் கொண்ட ஒட்டானால் ஓர் அடையாளம் உண்டு. தன் மகரந்தத்திலேயே பிறந்த பிள்ளையின் இலைக் காம்பு ஆரஞ்சு நிறமாக இருக்கும். நெட்டையின் மகரந்தத்தில் பிறந்த உண்மையான ஒட்டின் காம்பு பழுப்பு கலந்த பச்சையாக இருக்கும். காசர்கோட்டில் 1985இல் வெளியான 'சந்திர சங்கரா' இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் தாய் நெட்டையாக இருந்தால் நிறம் நமக்கு நம்பகமான சாட்சி சொல்லாது. அங்கே பையும், குப்பியும், தூவிய தேதி எழுதிய பதிவேடும்தான் சாட்சி. ஆகவே பிள்ளை வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்:

• தாய் எது? தகப்பன் எது?
• மகரந்தத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?
• தூவிய பதிவேட்டைக் காட்ட முடியுமா?

பதில் வராத இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒட்டு மரம் நன்றாகக் காய்க்கிறதே என்று அதன் நெற்றை எடுத்து நாற்று விடக் கூடாது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, நெட்டை ஒன்றும் குட்டை ஒன்றுமாகக் கலந்து நிற்கும். பெரியவரின் தோட்டத்துக்கும் இப்படிப்பட்ட நெற்றுதான் வந்ததோ என்று எனக்கு ஐயம்.

நம் கரையில் நாம் செய்யக் கூடியது

இந்த மணலில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிய அடுக்காகவே நிற்கிறது. கீழே உப்பு. மழையும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான். தண்ணீர் தட்டுப்படும் தோட்டத்தில் குட்டையோ, குட்டையைத் தாயாகக் கொண்ட ஒட்டோ வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உப்புக் காற்றிலும் வறட்சியிலும் நின்று பழகிய நம் நெட்டையே இங்கே தாயாக இருக்கத் தக்கது.

ஆகவே உங்கள் தோட்டத்தில் 20 வயதுக்கு மேற்பட்டு, ஆண்டுக்கு 100 காய்க்குக் குறையாமல் தொடர்ந்து காய்த்து, உச்சியில் முப்பதுக்கும் மேற்பட்ட மட்டைகளோடு, காய்க்கு 150 கிராமுக்குக் குறையாத கொப்பரை தரும் நோயற்ற மரங்கள் எவை என்று குறித்து வையுங்கள். வறட்சி ஆண்டில் எந்த மரம் குரும்பை கொட்டாமல் நின்றது என்பது உங்களுக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அந்தப் பட்டியலை இராமநாதபுரத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். ஊரில் மரம் ஏறத் தெரிந்த இளைஞர் இருவர், ஒரு குளிர்பெட்டி, ஒரு பதிவேடு இருந்தால், குழுவாகச் சேர்ந்து பயிற்சி பெற்று இந்த வேலையைச் செய்யலாம். நல்ல மரம் தங்கச்சிமடத்தில் நிற்க, நல்ல மகரந்தம் குப்பியில் வந்து சேர வேண்டும்.

பெரியவரே, உங்கள் ஏழு வருடத்தைத் திருப்பித் தர என்னால் இயலாது. ஆனால் உங்கள் அப்பா வைத்த அந்த நாட்டு மரத்தை வெட்டிவிடாதீர்கள். நாளைக் காலையில் வந்து அதைப் பார்க்கிறேன். நாம் தேடும் தாய் மரம் அதுவாகவே இருக்கலாம்.